சும்மா கொடுத்த கத்தி

மாடியைக் காட்டுகிறேன், அதற்கென்ன அவசரம், மாடி எங்கேயும் ஓடிவிடாது. உட்காருங்கள் டீச்சர். அங்கே வேண்டாம், இப்படி மின்விசிறிக்குக் கீழே உட்காருங்கள். அதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். உங்கள் வீட்டில் காய் நறுக்கின கத்தியைக் கழுவி எங்கே வைப்பீர்கள்?

பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், கரண்டிகளோடு, ஈரத்தோடு. அப்படித்தானே? முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எவர்சில்வர் கத்திதானே அம்மா, துருப் பிடிக்காது என்பீர்கள். எந்த ஊர் நீங்கள்? நாமக்கல்லா? அதுதான். நாமக்கல்லில் ஈரம் காய்ந்தால் காய்ந்ததுதான். இது தூத்துக்குடி. இங்கே ஈரம் காய்ந்தாலும் உப்பு போகாது. அந்த ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பாருங்கள். போன வருஷம்தான் பெயிண்ட் அடித்தது. விரலில் செம்மண் மாதிரி வருகிறதா? பீரோவின் கீல், கேட்டின் தாழ்ப்பாள், ரவிக்கை ஊக்கு, எல்லாவற்றையும் இந்த ஊர்க் காற்று தின்றுவிடும். என் கத்திகளை மட்டும் தின்னவில்லை. தின்ன விடவில்லை நான்.

தப்பாக நினைக்காதீர்கள். குடித்தனம் வருகிறவர்களிடம் எல்லோரும் எத்தனை பேர், என்ன உத்தியோகம், கறி சமைப்பீர்களா என்று கேட்பார்கள். எனக்கு அதெல்லாம் வேண்டாம். ஒரு பெண் கத்தியை எப்படி வைத்திருக்கிறாள் என்று பார்த்தால் போதும், அவள் எப்படிப்பட்டவள் என்று நான் சொல்லிவிடுவேன்.

மாடியில் இதற்கு முன்னால் இருந்தது வாடகைக்காரர்கள் இல்லை. என் ஓரகத்தி. இவருடைய தம்பி வில்பிரட்டின் மனைவி, ஜெனோவா என்று பெயர். அவர்கள் ஏன் போனார்கள் என்று நீங்கள் தெருவில் விசாரிக்கத்தான் போகிறீர்கள். எதிர் வீட்டில் ஒரு கதை சொல்வார்கள், பேக்கரியில் வேறு கதை சொல்வார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். நான்தான் போகவைத்தேன். சண்டை போட்டு இல்லை. நான் கான்வென்டில் படித்தவள், கூச்சல் போடத் தெரியாது எனக்கு. ஒரு சத்தம் இல்லாமல் போகவைத்தேன்.

இருங்கள், கத்திகளைக் காட்டினால்தான் உங்களுக்குப் புரியும்.

இதோ. தொடாதீர்கள், விரல் ஈரம் பட்டுவிடும். கண்ணால் பாருங்கள். எங்கள் அப்பாவுடையவை. அப்பா கொழும்புக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். அந்தக் கம்பெனியை மூடினபோது கேப்டன் கூப்பிட்டு, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாராம். மற்றவர்கள் கடிகாரம் கேட்டார்கள், கோட்டு கேட்டார்கள். அப்பா கத்திகளைக் கேட்டார். என் கல்யாணத்துக்கு நகை குறைந்தது, இவை வந்தன. அசல் எஃகு. எவர்சில்வர் இல்லை. வெங்காயம் நறுக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் நீலம் பாய்ந்திருக்கும். எலுமிச்சை நறுக்கிவிட்டு வாசலில் யாரோடாவது பேசிவிட்டு வந்தால் தீர்ந்தது. அவ்வளவு கோபக்காரக் கத்திகள். என்னோடு பிறந்தவை மாதிரி.

இதில் பெரியது ஒன்று இல்லை. அதைச் சொல்லத்தான் வருகிறேன்.

நறுக்கி முடித்த கையோடு கழுவ வேண்டும். தேய்க்கும் நாரைத் தொடக்கூடாது. துடைக்க வேண்டும். துடைத்த பிறகு அடுப்புச் சூட்டில் லேசாகக் காட்ட வேண்டும், பிடியின் சந்தில் நிற்கிற ஈரமும் போக. அப்புறம் தேங்காயெண்ணெய். ஒரு சொட்டு போதும். குழந்தைக்கு உச்சியில் வைக்கிற மாதிரி விரலால் தொட்டுத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். நிறைய வைத்தால் பிசுக்குப் பிடித்து அதில் தூசி உட்காரும். நல்லெண்ணெய் கூடாது, கோந்து மாதிரி ஆகிவிடும். தோல் உறையில் வைக்கவே கூடாது, தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துணியில் சுற்றி, டிராயரில், படுக்கவைத்து. இவ்வளவுதான். ஒரு கத்திக்கு ரோஜாப்பூ வைத்துக் கும்பிடச் சொல்லவில்லையே நான். இவ்வளவைக் கூட ஒரு வீட்டில் ஒழுங்காகச் செய்ய ஆளில்லை என்றால் என்ன சொல்வது?

சொல்லப்போனால் ஜெனோவா முதலில் ஒழுங்காகத்தான் செய்தாள். பொய் சொல்லமாட்டேன். திண்டுக்கல் பக்கத்துப் பெண். மீனில் எது தலை எது வால் என்று மட்டும்தான் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் கத்தியைப் பருப்புச் சட்டியில் போட்டு ஊறவைத்தவள். நான்தான் கற்றுக்கொடுத்தேன். அப்போதெல்லாம் மாடியில் படுக்கை மட்டும்தான், சமையல் கீழே ஒன்றாக. கற்றுக்கொண்டாள். கத்தித் துணிகளைத் துவைக்கிற வேலையையும் அவளே எடுத்துக்கொண்டாள். வருஷக்கணக்காக அவள்தான் துவைத்தாள். கத்திகள் நன்றாகத்தான் இருந்தன. ஒரு புள்ளி கிடையாது.

வந்தது பாருங்கள் போன கோடை. கார்ப்பரேஷன் தண்ணீர் எப்போதோ ஒரு தரம் வந்தது. குடத்தை வைத்துக்கொண்டு நாங்கள் தவம் கிடக்கிறோம். ஒரு நாள் பின்பக்கம் போகிறேன், இவள் குடிதண்ணீர்க் குடத்தைச் சாய்த்துக் கத்தித் துணியை அலசிக்கொண்டிருக்கிறாள். குடிக்கிற தண்ணீரில். ஏன் இப்படி என்று கேட்டால், எப்போதும் இதில்தான் அலசுவேன் அக்கா என்கிறாள். எப்போதும். இத்தனை வருஷமாக என் வீட்டில் குடிதண்ணீரைத் துணிக்குக் கொட்டியிருக்கிறாள். நான் நாலு வார்த்தை நறுக்கென்று சொன்னேன். கிணறு எதற்கு இருக்கிறது, அலங்காரத்துக்கா என்று கேட்டேன். அன்றோடு அந்த வேலையை அவளிடமிருந்து பிடுங்கி நானே வைத்துக்கொண்டேன்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரா? கொஞ்சம் கரிக்கும், குடிக்க ஆகாது. மற்றபடி என்ன குறை? அதில் அலசிக் காயப்போட்டால் துணி கஞ்சி போட்ட மாதிரி மொடமொட என்று நிற்கும். இதோ பாருங்கள் இந்தத் துணியை. கஞ்சியே போடவில்லை. கான்வென்டில் சிஸ்டர் பெர்னதெத் எங்கள் கைக்குட்டையை மடித்துப் பார்ப்பார், மடிப்பு நிற்காவிட்டால் வெளியே நிறுத்துவார். அப்படி வளர்ந்தவள் நான்.

ஆகஸ்டில் மாதா கோவில் திருவிழா. இவருடைய தங்கை கொலேத் சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தாள். நாத்தனார் வந்தால் முழுச் சீலா மீன் எடுத்து, எல்லோர் முன்னாலும் பலகையில் வைத்துத் துண்டு போடுவது எங்கள் வீட்டு வழக்கம். மூத்த மருமகள்தான் முதல் துண்டு போடுவாள். நான் டிராயரைத் திறந்து, அப்பாவின் பெரிய கத்தியை எடுத்து, எல்லோரும் பார்க்கத் துணியைப் பிரித்தேன்.

துரு. ஒரு புள்ளி இரண்டு புள்ளி இல்லை டீச்சர். துணி எங்கெங்கே மடிந்து ஒட்டியிருந்ததோ அங்கெல்லாம் பட்டை பட்டையாக, காவி அடித்த மாதிரி. துணியில் கூட அந்தக் காவி இறங்கியிருந்தது. மீன் வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்க்கிறது. கொலேத், “மைனி, உங்க கத்தியா இது?” என்றாள். அவள் அப்படிக் கேட்டதைக் கூடப் பொறுத்துக்கொண்டேன். நாத்தனார் கேட்கப் பிறந்தவள்.

அப்போது இந்த ஜெனோவா வாயைத் திறந்தாள்.

“அக்கா, துணியக் கெணத்துத் தண்ணியில அலசுறீங்கல்ல, அதான். துணியில உப்பு நிக்கும். எண்ணெய் போட்டாலும் உப்பு விடாது. அதனாலதான் நான் நல்ல தண்ணியில அலசுனேன்.”

மெதுவாகத்தான் சொன்னாள். பணிவாகத்தான் சொன்னாள். அந்தப் பணிவைத்தான் நான் இன்றைக்கும் மறக்கவில்லை. திண்டுக்கல்காரி எனக்கு உப்பைப் பற்றிப் பாடம் எடுக்கிறாள். கடற்கரையில் பிறந்து கடற்கரையில் வாழ்க்கைப்பட்ட எனக்கு. எல்லோரும் சிரித்தார்கள். கொலேத்தின் புருஷன் சிரித்தான். வில்பிரட் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தான். இவரும் சிரித்தார். என் வீட்டுக்காரர், பெர்க்மான்ஸ். வருஷத்துக்கு ஒரு முறை, கிறிஸ்துமஸ் கேக்கில் முந்திரி அகப்பட்டால் சிரிக்கிற மனுஷர். அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஹில்டா, நீ கத்திக்கு உப்புக்கண்டம் போட்டுட்டியே” என்றார்.

நீங்களே சொல்லுங்கள். துணி துவைக்கிற வேலையை அவளிடமிருந்து பிடுங்கினேன். பிடுங்கின மூன்றாம் மாதம் துரு வருகிறது. யார் வேலை அது? கணக்கு வாத்தியார் தேவையா இதற்கு? நான் இல்லாத நேரம் பார்த்து டிராயரைத் திறந்து எதையோ தடவியிருக்கிறாள். தடவிவிட்டுக் காரணத்தையும் தயாராக வைத்திருந்தாள். இல்லாவிட்டால் அத்தனை சட்டென்று வருமா பதில்?

என்ன? துணியில் உப்பு இருந்திருக்கலாமா? நாமக்கல்லில் இருந்து வந்து நீங்களும் ஆரம்பிக்காதீர்கள்.

அன்றைக்கு ராத்திரியே கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மண்ணெண்ணெய் விட்டு, சாம்பல் போட்டுத் தேய்த்தேன். துரு போயிற்று, ஆனால் துரு இருந்த இடமெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி. அப்பாவின் கத்தியில் குழி. ஒவ்வொரு குழியையும் விரலால் தடவிப் பார்த்தேன். தடவத் தடவ ஒன்று நிச்சயமாகிவிட்டது. இந்த வீட்டில் ஒன்று அவள் இருக்க வேண்டும், அல்லது நான் இருக்க வேண்டும். நான் எங்கே போவேன்? அதனால் அவள்தான்.

அவசரப்படவில்லை. முதலில் டிராயருக்குப் பூட்டு போட்டேன். அவள் சமையலறைக்கு வந்தால் நான் வெளியே போய்விடுவேன். உப்பு போட்டாயிற்றா என்று அவள் கேட்டால் மீனிடம் பதில் சொல்வேன். கொஞ்ச நாளில் அவளே மாடியில் அடுப்பு வைத்துக்கொண்டாள். “மைனி, ஏன் இப்படி?” என்று வில்பிரட் வந்து நின்றான். பட்டறையில் அவன் வேலையாட்கள் இருபது பேர் அவனுக்குப் பயப்படுவார்கள். என் முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஒன்றும் இல்லையே தம்பி, அவளுக்கு மாடியில் காற்று நன்றாக வருமே என்றேன்.

மாடியில் அவள் ஒரு கத்தி வாங்கினாள். கொல்லன் அடித்த இரும்புக் கத்தி, மரப்பிடி. அக்டோபர் ஜெபமாலை மாதம், தெரியுமா? நீங்கள் இந்து, உங்களுக்குத் தெரியாது. மாதம் முழுவதும் சாயங்காலம் கோவிலில் ஜெபமாலை சொல்வார்கள். அவள் தன் மகள் அஞ்சலினைக் கூட்டிக்கொண்டு தவறாமல் போவாள். அவள் தெருவைத் திரும்பினதும் நான் மாடி ஏறுவேன். ஊறுகாய் ஜாடியின் அடியில் நிற்கிற உப்புத் தண்ணீர் இருக்கிறதல்லவா, அதை ஒரு கரண்டி கொண்டுபோய் அவள் கத்தியின் மேல் தெளித்துவிட்டு வருவேன். கையில் ஜெபமாலை இருக்கும். படி ஏறும்போது ஒரு அருள்நிறை ஜெபம், இறங்கும்போது ஒரு அருள்நிறை. ஜெபமாலையை நான் விட்டவளில்லை.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அவள் என் அப்பா கத்திக்குச் செய்ததில் கால்வாசி கூட இல்லை இது.

மறுநாள் பார்த்தால் கத்தி பளிச்சென்று இருக்கும். புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, எண்ணெய் தடவி வைத்திருப்பாள். நான் தெளிப்பேன், அவள் துலக்குவாள். நான் தெளிப்பேன், அவள் துலக்குவாள். ஒரு வார்த்தை கிடையாது. யாரிடமும் ஒரு புகார் கிடையாது. எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு நாள் படி இறங்கி வந்து என் வாசலில் நிற்கிறாள். கையில் அந்தக் கத்தி. “அக்கா, என் கத்தியும் நிக்க மாட்டேங்குது. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதான் செய்யுறேன். எங்க தப்பு பண்றேன்னு ஒரு தரம் பாத்துச் சொல்றீங்களா?” என்றாள். கண்ணில் தண்ணீர் வேறு. என்ன நடிப்பு, என்ன கிண்டல் பாருங்கள். கதவைச் சாத்தினேன்.

அப்போதுதான் இந்தத் தெளிக்கிற வேலையெல்லாம் சின்னப்பிள்ளைத்தனம் என்று பட்டது. அறுக்க வேண்டியதை அறுக்க வேண்டும். அதற்கு நல்ல கத்தி வேண்டும்.

உங்கள் ஊரில் இந்தப் பழக்கம் உண்டோ என்னவோ. எங்கள் பக்கத்தில் கத்தியை யாருக்கும் சும்மா கொடுக்கமாட்டோம். கத்தியை இனாமாகக் கொடுத்தால் உறவு அறுந்துவிடும். அம்மா மகளுக்குக் கொடுத்தாலும் ஒரு ரூபாய், எட்டணாவாவது கையில் வாங்கிக்கொண்டுதான் கொடுப்பாள். அப்போது அது விற்றதாக ஆகிவிடும், தோஷமில்லை. என் கல்யாணத்தில் அப்பாவே இவரிடம் காசு வாங்கிக்கொண்டுதான் இந்தக் கத்திகளைக் கொடுத்தார். ஃபாதர் கேட்டால் மூடநம்பிக்கை என்பார். அவருக்கும் யாரும் சும்மா கத்தி கொடுத்துவிட முடியாது, பையைத் தடவிக் காசைத் தேடுவார்.

நவம்பரில் கிறிஸ்து அரசர் திருநாளன்று அஞ்சலினுக்குப் புதுநன்மை. முதல்முறை நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளைக் கவுன், தலையில் பூக்கிரீடம், கையில் மெழுகுவர்த்தி, சின்னக் கல்யாணம் மாதிரி. மொட்டை மாடியில் பந்தல் போட்டு விருந்து வைத்தார்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கொலேத் கூட வந்திருந்தாள். என்னை வில்பிரட்டும் அவளும் சேர்ந்து வந்து அழைத்தார்கள். வருகிறேன் என்றேன். அவள் முகம் அப்படி மலர்ந்தது. பாவம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு இரக்கம் இல்லாமல் இல்லை.

அப்பாவின் பெரிய கத்தியை ஒரு வாரம் தேய்த்தேன். நைஸ் உப்புத்தாளில் ஆரம்பித்து, சாக்பீஸ் பொடி வரைக்கும். குழிகள் கூட மங்கிப்போய்விட்டன. எண்ணெய் தடவி, புதுத் துணியில் சுற்றி, மேலே வெள்ளை ரிப்பன் கட்டினேன். ஆமாம், அப்பா கத்திதான். மனசு வந்ததா என்றா கேட்கிறீர்கள்? நல்ல காரியத்துக்குக் கடைக்கத்தியா கொடுப்பார்கள்?

எல்லோரும் பிள்ளைக்குச் சங்கிலி, வெள்ளித் தட்டு, கவர் என்று கொடுத்துக்கொண்டிருக்கும்போது நான் எழுந்து போய் ஜெனோவாவின் கையில் அதை வைத்தேன். பிரித்தாள். வெயில் பட்டு அது மின்னியது. “அக்கா, உங்க அப்பா கத்தி. எனக்கா?” என்றாள். அழுதுவிட்டாள். எல்லோர் முன்னாலும் என் தோளில் சாய்ந்து அழுதாள். சமாதானம் என்று நினைத்துவிட்டாள், பைத்தியக்காரி. அஞ்சலின் கூட வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நான் அசையாமல் நின்றேன்.

பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. “இருங்கக்கா, காசு” என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். ஐந்து ரூபாய் நாணயத்தோடு ஓடி வந்தாள். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“பிடிங்கக்கா.”

“வேண்டாம்.”

“அக்கா, சும்மா வாங்கக் கூடாதுக்கா.”

“தெரியும்” என்றேன். “தெரிஞ்சுதான் குடுக்கிறேன்.”

அவள் கை நீட்டினபடியே நின்றது. இவ்வளவு நேரம் அழுதவள் இப்போது அழவில்லை, அதுதான் ஆச்சரியம். வில்பிரட் வந்தான். அவள் விரல்களைப் பிரித்து அந்த நாணயத்தை எடுத்து, நான் உட்கார்ந்திருந்த மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். “மைனி, எடுங்க” என்றான். நான் அதைத் தொடவில்லை. எடுத்தால்தானே விலை? அப்படியே விட்டுவிட்டுப் படி இறங்கி வந்துவிட்டேன். இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். இவர் எழுந்து வந்து அந்த ஐந்து ரூபாயை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தம்பி தோளில் கை வைத்து நின்றார். காசு விஷயத்தில் இவர் எப்போதுமே சிக்கனம். ஒரு பைசா வீணாக விடமாட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் காலி செய்துவிட்டார்கள். அடுத்த தெருவைத் தாண்டி, உப்பு மில் பக்கம் ஒரு வீடு. கத்தியையும் எடுத்துக்கொண்டுதான் போனாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். சாமான் வண்டியில் வைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். போகிறபோது ஒரு முறை இந்தப் பக்கம் பார்த்தாள். நான் திரையை இழுத்துவிட்டேன்.

அவ்வளவுதான் கதை. வீடு இப்போது எவ்வளவு அமைதியாக இருக்கிறது பாருங்கள். என் மகன் மஸ்கட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பேசுவான். முன்பெல்லாம் அரை மணி நேரம் பேசுவான், இப்போது வேலை அதிகமாம். சித்தி எப்படி இருக்காங்க என்று கேட்டான், போனை வைத்துவிட்டேன். இவருக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் போல. என்னிடம் சொல்லவில்லை, ஆனால் தினமும் நாலு மணிக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குத்தான் வருகிறார். நல்லதுதான், தொப்பை குறையட்டும். என்ன, குறையவில்லை. ராத்திரிச் சாப்பாட்டைத் தொடுவதே இல்லை, பசியில்லை என்கிறார். வயசானால் பசி குறைந்துவிடும். சட்டையில் மட்டும் மீன் குழம்பு வாசம் வரும். தெருவில் எந்த வீட்டிலாவது தாளித்திருப்பார்கள்.

மீன் கொண்டுவருகிற சந்தனமாரி போன மாதம் வந்து ஒரு கதை சொன்னாள். “யம்மா, உங்க பெரிய கத்திய அங்கன சின்னம்மா வீட்டுல பாத்தேன். கண்ணாடி கணக்கா மின்னுது. ஐயாதான் வாசப்படியில உக்காந்து எண்ணெ போட்டுத் தொடச்சுக்கிட்டு இருந்தாக” என்றாள். சந்தனமாரிக்குக் கண்ணில் புரை. அயிலையைக் காட்டிச் சாளை என்பாள். வேறு யாரையோ பார்த்திருக்கிறாள். அன்றோடு அவளிடம் மீன் வாங்குவதை நிறுத்திவிட்டேன். கத்தி மின்னுகிறது என்றால் அதில் என்ன அதிசயம்? எடுத்து உபயோகித்தால்தானே துருப் பிடிக்கும். ஷோகேஸில் வைத்திருப்பாள்.

இவையா? ஆமாம், இந்தச் சின்னக் கத்தியில் லேசாக இருக்கிறது. அதோ அதிலும். போன வாரம்தான் பார்த்தேன். அவள் போய் மூன்று மாதமாகிவிட்டது, பூட்டின டிராயர், சாவி என் இடுப்பில். அப்படியும் வருகிறது என்றால் எங்கிருந்தோ ஒரு சாவி வைத்திருக்கிறாள். நான் பூசைக்குப் போகிற நேரம் பார்த்து வந்துவிட்டுப் போகிறாள். பிடிக்காமல் விடமாட்டேன். அதற்குத்தான் மாடியில் ஆள் வேண்டும் என்கிறேன். நீங்கள் டீச்சர், வாசல் பக்கம் ஒரு கண் வைத்திருப்பீர்கள் அல்லவா?

கேட் சத்தம். இவர்தான். இன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டார், உங்கள் அதிர்ஷ்டம். என்னங்க, இவங்க டீச்சர். மாடி பார்க்க வந்திருக்காங்க. நல்ல குடும்பம். கத்தி விஷயத்தில் கொஞ்சம் பழக்கவேண்டியிருக்கும், நான் பார்த்துக்கறேன். சாவியைக் கொடுங்க.

என்ன? சத்தமாகச் சொல்லுங்கள், மின்விசிறிச் சத்தத்தில் கேட்கவில்லை.

“மாடி வாடகைக்கு இல்லம்மா. மன்னிச்சுக்கோங்க. இன்னையிலேர்ந்து நான் அங்க இருந்துக்கிறேன்.”

கேட்டீர்களா டீச்சர் இந்த மனுஷர் விளையாட்டை? வருஷத்துக்கு ஒரு முறை வருகிற விளையாட்டு இன்றைக்கு வந்திருக்கிறது. நீங்கள் ஏன் எழுந்திருக்கிறீர்கள், உட்காருங்கள், காபி போடுகிறேன். என்னங்க, எதற்கு அந்தப் பெட்டி? எதற்குத் தலையணை? அந்தத் தூக்குச்சட்டி யாருடையது? இந்த வீட்டுச் சட்டி இல்லையே அது. நான் கேட்கிறேன், பதில் சொல்லிவிட்டுப் படி ஏறுங்கள்.

ஏறிவிட்டார்.

ஏறட்டும். மோட்டார் சுவிட்ச் என் சமையலறையில் இருக்கிறது. தண்ணீர் இல்லாமல் எத்தனை நாள் இருப்பார் என்று நானும் பார்க்கிறேன். என்னோடு வைத்துக்கொண்டு ஜெயித்தவர்கள் யாராவது உண்டா, எதிர் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

அட, செருப்பை மாட்டாதீர்கள் டீச்சர். எங்கே போகிறீர்கள்? அவர் மேலே போய்விட்டால் கீழே அவருடைய அறை காலிதானே. ஜன்னல் இரண்டு, நல்ல காற்று. வாருங்கள், காட்டுகிறேன்.